மதிப்புறு பட்டம்: சொல்லும் வரலாறும் நடுநிலையும்

1. முன்னுரை

பல்கலைக்கழகங்கள் வழங்கும் பட்டங்கள் இருவகை. பயின்று, தேர்வெழுதி அல்லது ஆய்வேடு அளித்துப் பெறும் பட்டம் ஒருவகை. பயிற்சியும் தேர்வும் இன்றி, ஒருவரது பணியை மதித்துப் பல்கலைக்கழகம் தானே முன்வந்து வழங்கும் மதிப்புறு பட்டம் மற்றொரு வகை. இரண்டாம் வகைப் பட்டம் எதற்காக வழங்கப்படுகிறது, அதை வழங்குவதில் நடுநிலை பேணப்பட்டுள்ளதா என்னும் வினாக்கள் தமிழகத்திலும் அண்டையிலுள்ள ஆந்திரத்திலும் பலமுறை எழுந்துள்ளன. அவ்வினாக்களுக்கு விடை காண, பட்டத்தைக் குறிக்கும் சொற்களின் வரலாற்றையும் பட்டம் பெற்றோரின் வரலாற்றையும் இணைத்து நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. பழந்தமிழகத்தில் பட்டம்

ஒருவருக்குச் சிறப்புப் பெயர் சூட்டி மதிக்கும் வழக்கம் தமிழகத்துக்குப் புதிதன்று. ஏனாதி, காவிதி, எட்டி ஆகிய பெயர்களை மன்னர் வழங்கியதைப் பழைய இலக்கியங்களும் உரைகளும் குறிக்கின்றன. ஏனாதிப் பட்டத்துடன் மோதிரமும், எட்டிப் பட்டத்துடன் பொற்பூவும் அளிக்கப்பட்டன. படைத்தொழில், அமைச்சு, வணிகம் முதலிய துறைகளில் ஆற்றிய பணிக்கு மன்னன் காட்டிய மதிப்பு இது. இதில் தேர்வு இல்லை. மன்னனது மனமே அளவுகோல்.

இதற்கு மாறான மரபொன்றும் இருந்தது. சிலப்பதிகாரத்து மாதவி ஐந்தாம் அகவையில் பயிலத் தொடங்கி, ஏழாண்டுகள் ஆடலும் பாடலும் கற்று, பன்னிரண்டாம் அகவையில் சோழ மன்னன் முன் அரங்கேறித் தலைக்கோற் பட்டம் பெறுகிறாள். ஆசிரியர் கற்பித்தார், அறிந்தோர் அவை கண்டது, அதன் பின்னரே பட்டம் வந்தது. தலைக்கோலை வழங்கியவனும் மன்னனே. ஆயினும் அதைப் பெறும் தகுதி அரங்கில் எல்லோர் முன்னும் மெய்ப்பிக்கப்பட்டது. ஏனாதி மரபும் தலைக்கோல் மரபும் வெவ்வேறானவை என்பதைப் பழந்தமிழர் சொல்லளவிலேயே வேறுபடுத்தி வைத்திருந்தனர். ஒரு பெயரைக் கேட்ட அளவில் அது எவ்வழியில் வந்தது என்பது கேட்போர்க்கு விளங்கியது. இக்காலத்தில் ‘டாக்டர்’ என்னும் ஒரே சொல் இரு மரபுகளையும் சுமந்து நிற்கிறது. சிக்கலின் வேர் இங்கேதான் உள்ளது.

3. ஐரோப்பிய மரபும் இந்தியத் தொடக்கமும்

‘டாக்டர்’ என்பது ‘கற்பித்தல்’ என்று பொருள்படும் இலத்தீன் வினையடியிலிருந்து பிறந்த சொல். கற்பிக்கும் உரிமை பெற்றவர் என்பதே அதன் முதற்பொருள். இடைக்கால ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் இது ஆசிரியத் தொழிலுக்குரிய உரிமமாக விளங்கியது. பயிற்சி, தேர்வு முதலிய கட்டாயங்களிலிருந்து விலக்களித்துப் பட்டம் வழங்கும் முறை ஆக்ஸ்ஃபோர்டில் பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோன்றியது. லயனல் உட்வில் என்பவருக்கு அளிக்கப்பட்டதே அவ்வகையில் மிகப் பழையதாகக் குறிக்கப்படுகிறது. அவர் அரச குடும்பத்தோடு நெருங்கிய உறவுடையவர். ஆகவே அறிவுக்கு மதிப்பளித்தல், செல்வாக்குடையோரின் ஆதரவை நாடுதல் என்னும் இரு நோக்கங்களும் தொடக்கம் முதலே பிணைந்திருந்தன எனலாம்.

இந்தியாவில் கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் 1857இல் நிறுவப்பட்டன. தேர்வு நடத்திப் பட்டம் அளிப்பதே அவற்றின் பணியாக இருந்தது. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் மதிப்புறு பட்டப் பட்டியல் 1876இல் வேல்ஸ் இளவரசரின் பெயரோடு தொடங்குகிறது. பின்னர் 1884இல் மதிப்புறு பட்டங்களுக்கெனத் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. நாட்டின் முதல் மதிப்புறு பட்டங்களுள் ஒன்று, எந்தத் துறையிலும் ஆய்வு செய்யாத அரச வாரிசு ஒருவருக்குச் சென்றது என்பது கருதத்தக்கது.

ஆனால் அதே நூற்றாண்டில் இம்மரபின் சிறந்த முகமும் வெளிப்பட்டது. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856இல் வெளியிட்ட இராபர்ட் கால்டுவெலுக்குக் கிளாஸ்கோ பல்கலைக்கழகம் மதிப்புறு பட்டம் அளித்தது. கன்னட அகராதியை 1894இல் முடித்த ஃபெர்டினாண்ட் கிட்டெலுக்கு ஜெர்மனியின் டூபிங்கன் பல்கலைக்கழகம் 1896இல் மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. இருவரும் பல்கலைக்கழக வேலையில் இருந்தவர் அல்லர்; சமயப் பணிக்கு வந்தவர்கள். திராவிட மொழியியல் என்னும் துறைக்குப் பாடத்திட்டமோ பேராசிரியர் பதவியோ இல்லாத காலத்தில் அத்துறையை உருவாக்கியவர்களை வேறு எவ்வழியிலும் பல்கலைக்கழகம் ஏற்றிருக்க இயலாது. தேர்வு வைப்பதற்கு அவர்களினும் மேலான தேர்வாளர் அன்று இல்லை. மதிப்புறு பட்டத்தின் உண்மையான நோக்கம் இத்தகைய இடத்திலேயே தெளிவாகிறது.

4. தேர்வெழுதாத இரு பேரறிஞர்

தமிழிலும் தெலுங்கிலும் இந்நோக்கத்துக்கு இரு சான்றுகள் உள்ளன.

உ.வே. சாமிநாதையர் (1855–1942) பல்கலைக்கழகத்தில் பயின்றவர் அல்லர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். 1880இல் கும்பகோணம் கல்லூரியிலும் 1903இல் சென்னை மாநிலக் கல்லூரியிலும் ஆசிரியப் பணி ஏற்றார். சீவகசிந்தாமணி 1887இலும், பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும் அவர் பதிப்பில் வெளிவந்தன. 1906இல் அரசு அவருக்கு மகாமகோபாத்தியாயப் பட்டம் அளித்தது. சென்னைப் பல்கலைக்கழகம் 1932இல் மதிப்புறு டாக்டர் பட்டம் வழங்கியது. சிந்தாமணிப் பதிப்புக்கும் இப்பட்டத்துக்கும் இடையே நாற்பத்தைந்து ஆண்டுகள் கழிந்தன. அதற்குள் அவர் பதிப்பித்த நூல்களைப் பாடமாகக் கற்று ஒரு தலைமுறை பட்டம் பெற்றுவிட்டது.

கிடுகு வேங்கட ராமமூர்த்தி (1863–1940) பர்லாக்கிமிடியில் பள்ளியாசிரியராக இருந்தவர். அண்டை மலைகளில் வாழ்ந்த சவர மக்களின் மொழியை அவர்களிடமே கற்று, அதற்குப் பாடநூல்களும் இலக்கணமும் அகராதியும் ஆக்கினார். சவர மொழி திராவிட மொழி அன்று; முண்டா மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. எழுத்து வழக்கில்லாத ஒரு மொழியைத் தற்கால மொழியியல் முறைக்கு ஏற்ப ஆராய்ந்த முன்னோடிகளுள் அவர் ஒருவர். தெலுங்கில் பேச்சு வழக்கை எழுத்துக்குக் கொண்டுவரும் இயக்கத்தையும் அவரே முன்னின்று நடத்தினார். ஆந்திரப் பல்கலைக்கழகம் 1938இல் அவருக்குக் ‘கலாப்ரபூர்ண’ என்னும் மதிப்புறு பட்டம் அளித்தது.

இவ்விருவருக்கும் பட்டம் புதிதாக எதையும் சேர்க்கவில்லை. ஏட்டுச்சுவடி படித்தவரும், மலைவாழ் மக்களிடம் மொழி கற்ற பள்ளியாசிரியரும் தன் வேலையையே செய்திருக்கின்றனர் என்று பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டது. அவ்வகையில் மதிப்புறு பட்டம் என்பது நிறுவனம் தன் எல்லையை உணர்ந்து அளிக்கும் ஒப்புதலாகிறது.

5. விருதுப் பெயர்கள் மறைந்தபின்

ஆங்கில அரசு இந்தியர்களுக்குப் பலவகை விருதுப் பெயர்களை வழங்கியது. திவான் பகதூர், ராவ் பகதூர், ராவ் சாகிப் ஆகியன பொதுவானவை. விக்டோரியா அரசியின் பொன்விழாவையொட்டி 1887இல் வடமொழி அறிஞர்க்கு மகாமகோபாத்தியாயப் பட்டமும், அரபு, பாரசீகப் புலவர்க்கு ஷம்சுல் உலமாப் பட்டமும் ஏற்படுத்தப்பட்டன. இவை பெயருக்கு முன்னே சேர்ந்து, பெயரின் பகுதியாகவே வழங்கின.

1950இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் 18ஆம் பிரிவு இந்த வழக்கத்தை முடிவுக்குக் கொண்டுவந்தது. படைத்துறை, கல்வித்துறைச் சிறப்புகள் நீங்கலாக வேறு எப்பட்டத்தையும் அரசு வழங்கலாகாது என்று அது விதித்தது. பாரத ரத்னா, பத்ம விருதுகள் பட்டங்கள் ஆகா என்றும், அவற்றைப் பெயருக்கு முன்னோ பின்னோ சேர்த்தல் கூடாது என்றும் உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. ஆக, குடியரசு நாட்டில் பெயருக்கு முன் சேர்த்துக்கொள்ளத் தடையின்றி எஞ்சிய பெருமைச் சொல் ‘டாக்டர்’ ஒன்றே.

மொழியில் ஒரு சொல் வழக்கொழிந்தால் அதன் பொருட்பரப்பை அண்டைச் சொல் ஏற்றுக்கொள்வது இயல்பு. ராவ் பகதூர் முதலிய சொற்கள் விட்டுச்சென்ற இடத்தைத் தமிழில் ‘டாக்டர்’ நிரப்பியது எனக் கொள்வதற்கு இடமுண்டு. மேடைகளிலும் சுவரொட்டிகளிலும் அச்சொல் பெற்ற வழக்கை வேறு வகையில் விளக்குதல் அரிது. ஆராய்ச்சிப் பட்டம் பெற்றவரைக் குறிக்க ‘முனைவர்’ என்னும் சொல் வழக்குக்கு வந்ததும் இப்பின்னணியில் நோக்கத்தக்கது. தொல்காப்பிய மரபியலில் ‘முனைவன்’ என்னும் வடிவம் முதல் நூலைக் கண்ட அறிவனைக் குறிக்கிறது. அப்பழஞ்சொல் புதுப்பொருள் பெற்றபோது, மருத்துவரையும் மதிப்புறு பட்டத்தாரையும் ஒருபுறம் நிறுத்தி ஆய்வு செய்தவரைத் தனித்துக் காட்டும் வாய்ப்பு ஏற்பட்டது. ‘மதிப்புறு முனைவர்’ என்னும் தொடர் எழுந்த பின்னர் அந்த வேறுபாடும் மங்கிவிட்டது. அடைமொழி அழைப்பிதழோடு நின்றுவிடுகிறது. பெயரோடு ஒட்டிக்கொள்வது ‘முனைவர்’ மட்டுமே.

6. ஆட்சியும் பட்டமும்

தமிழக வரலாற்றில் ஒரு வரிசை குறிப்பிடத்தக்கது. முதலமைச்சராயிருந்த சி.என். அண்ணாதுரைக்கு 1968இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் மதிப்புறு பட்டம் வழங்கியது. அவருக்குப் பின் வந்த மு. கருணாநிதிக்கு 1971இல் அதே பல்கலைக்கழகம் வழங்கியது. எம்.ஜி. இராமச்சந்திரனுக்கு 1983இலும் ஜெ. ஜெயலலிதாவுக்கு 1991இலும் சென்னைப் பல்கலைக்கழகம் வழங்கியது. நால்வரும் பட்டம் பெற்றபோது முதலமைச்சர் பதவியில் இருந்தவர்கள்.

இவர்களது தகுதி இங்கு வினா அன்று. அண்ணாதுரையும் கருணாநிதியும் தமிழ் உரைநடையிலும் மேடைத்தமிழிலும் ஏற்படுத்திய மாற்றம் மொழி வரலாற்றில் இடம் பெறத்தக்கது. அவர்கள் பதவியில் இல்லாத காலத்திலும் அந்த மாற்றம் அங்கேயே இருந்தது. பதவியில் இருந்தபோது அதைப் பல்கலைக்கழகம் கண்டுகொண்டது ஏன் என்பதே நடுநிலை பற்றிய வினா. பல்கலைக்கழகத்தின் நிதியும் உயர்பதவி நியமனங்களும் அரசோடு தொடர்புடையன. அத்தகைய நிலையில் அளிக்கும் மதிப்பு, உண்மையில் மனமுவந்ததாயினும், ஐயத்துக்கு இடமளிக்கிறது. அந்த ஐயம் பட்டம் பெறுபவரின் மெய்யான பணியையும் மறைத்துவிடுகிறது.

1971இல் அண்ணாமலை நகரில் இதன் விளைவு கொடியதாயிற்று. பட்டம் வழங்குவதை மாணவருள் ஒரு பகுதியினர் எதிர்த்தனர். காவல்துறை தடியடி நடத்தியது. மாணவர் ஒருவர் உயிரிழந்தார். அவரது இறப்பின் சூழல் நெடுங்காலம் அரசியல் விவாதத்துக்கு உள்ளாயிற்று. ஒரு பெருமைப் பட்டத்தின் பொருட்டு, பட்டம் பெற வந்த மாணவன் ஒருவன் உயிர் துறந்தான் என்பதைப் பல்கலைக்கழக வரலாறு மறக்க இயலாது.

பிறநாடுகளிலும் அரசியல் தலைவர்க்குப் பட்டம் அளிப்பது எதிர்ப்புக்கு உள்ளாகியுள்ளது. ஆனால் அங்கு எதிர்ப்பைத் தெரிவிக்கும் முறை பல்கலைக்கழகத்தின் உள்ளேயே அமைந்திருந்தது. 1985இல் பிரிட்டிஷ் பிரதமர் மார்கரெட் தாட்சருக்குப் பட்டம் வழங்கும் முன்மொழிவை ஆக்ஸ்ஃபோர்டு ஆசிரியர்கள் 738க்கு 319 என்னும் வாக்குகளால் மறுத்தனர். கல்விக்கான நிதியைக் குறைத்தார் என்பது அவர்மீது கூறப்பட்ட குறை. 1992இல் மெய்யியலாளர் ழாக் தெரிதாவுக்குப் பட்டமளிப்பதைக் கேம்பிரிட்ஜ் ஆசிரியர் சிலர் எதிர்த்தபோதும் வாக்கெடுப்பே நடந்தது; 336 பேர் ஆதரவாகவும் 204 பேர் எதிராகவும் வாக்களித்தனர்; பட்டம் வழங்கப்பட்டது. முதல் வாக்கெடுப்பில் பட்டம் மறுக்கப்பட்டது, இரண்டாவதில் அளிக்கப்பட்டது. ஆயினும் இரண்டிலும் காரணங்கள் பொதுவில் பேசப்பட்டன. எடின்பரோ பல்கலைக்கழகம் 1984இல் இராபர்ட் முகாபேக்கு அளித்த பட்டத்தை 2007இல் திரும்பப் பெற்றது. மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம், வர்ஜீனியா பல்கலைக்கழகம் ஆகியன மதிப்புறு பட்டமே அளிப்பதில்லை. தேர்வின்றிப் பட்டமில்லை என்பது அவற்றின் கொள்கை.

7. மறுக்கப்பட்ட பட்டம்

தகாதவர்க்கு வழங்குதல் நடுநிலை தவறும் ஒரு வழி. தக்கவர்க்குத் தடுத்தல் மற்றொரு வழி. 2023இல் மதுரையில் நிகழ்ந்தது இரண்டாவதற்குச் சான்று.

என். சங்கரய்யா மதுரை அமெரிக்கன் கல்லூரியில் பயின்றவர். விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டதால் 1941இல் இறுதித் தேர்வு நெருங்கிய வேளையில் கைது செய்யப்பட்டார். இளங்கலைப் பட்டம் கைகூடவில்லை. பின்னர் பொதுவுடைமை இயக்கத் தலைவராகவும் சட்டமன்ற உறுப்பினராகவும் விளங்கினார். மதுரை காமராசர் பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்க 2023இல் தீர்மானித்தது. ஆட்சிக்குழுவும் பேரவையும் இசைந்தன. வேந்தராகிய ஆளுநர் ஆர்.என். ரவி ஒப்புதல் அளிக்கவில்லை. 2023 நவம்பர் 2 அன்று நடைபெற்ற பட்டமளிப்பு விழாவை உயர்கல்வி அமைச்சர் க. பொன்முடி புறக்கணித்தார். நவம்பர் 15 அன்று, 102ஆம் அகவையில் சங்கரய்யா காலமானார்.

தேர்வறைக்குச் செல்ல வேண்டிய மாணவனை அந்நிய அரசு சிறைக்கு அனுப்பியது. எண்பது ஆண்டுகளுக்குப் பின் அவ்விடுபாட்டை நிரப்ப அவ்வூர்ப் பல்கலைக்கழகம் முனைந்தது. மதிப்புறு பட்டத்துக்கு இதனினும் பொருத்தமான சூழல் அரிது. அவர் ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சியைச் சேர்ந்தவராதலால் முன்மொழிவிலும் அரசியல் உண்டு என்று கூறுவோர் இருந்தனர். அவ்வாறாயின், அதைக் காரணங்காட்டி அவையில் மறுத்திருக்க வேண்டும். காரணம் வெளியிடாமல் ஒருவரது கையெழுத்தால் தடுப்பது, காரணம் வெளியிடாமல் ஒருவரது விருப்பத்தால் வழங்குவதற்கு ஒப்பானதே. இரண்டும் ஏனாதி மரபைச் சேர்ந்தவை.

8. திருப்பதி வட்டாரம்: பெயர்களும் பாடமும்

தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் எல்லைப் பகுதி இவ்வாய்வுக்குத் தனித்த சான்றுகளைத் தருகிறது. 1960 ஏப்ரல் 1 அன்று நடைபெற்ற எல்லை மாற்றத்தில் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்துக்கு வந்தது. செங்கற்பட்டு மாவட்டத்தின் ஊர்கள் சில ஆந்திரத்துக்குச் சென்றன. அவ்வெல்லையை ஒட்டிய வரதய்யபாளையம், சித்தூர் மாவட்டத்தில் இருந்து, 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில் அடங்கியுள்ளது. மாவட்டத் தலைநகராகிய திருப்பதியில் மூன்று பல்கலைக்கழகங்கள் குறிப்பிடத்தக்கன. திருவேங்கடவன் பல்கலைக்கழகம் 1954இலும் பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம் 1983இலும் தோன்றின. 1987இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான வடமொழி வித்யாபீடம் 2020இல் தேசிய சமற்கிருதப் பல்கலைக்கழகமாயிற்று. பழைய சித்தூர் மாவட்டத்துக் குப்பத்தில் 1997இல் திராவிடப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது.

வடமொழிப் பல்கலைக்கழகம் மதிப்புறு பட்டங்களை மகாமகோபாத்தியாய, வாசஸ்பதி என்னும் மரபுப் பெயர்களில் வழங்கியுள்ளது. ஆந்திரப் பல்கலைக்கழகத்தின் கலாப்ரபூர்ண என்னும் பெயரையும் இத்துடன் சேர்த்து எண்ணலாம். இவற்றைப் பெற்றவரை ஆய்வேடு எழுதியவர் என்று எவரும் மயங்குவதில்லை. பெயரே வேறுபாட்டைக் காட்டிவிடுகிறது. தலைக்கோலையும் ஏனாதியையும் பிரித்தறிந்த பழைய தெளிவு இங்கே மீண்டும் காணப்படுகிறது. தமிழகப் பல்கலைக்கழகங்கள் இம்முறையைப் பின்பற்றியிருப்பின் ‘டாக்டர்’ பற்றிய பூசல்களில் பெரும்பகுதி எழுந்திராது.

‘பல்கலைக்கழகம்’ என்னும் சொல்லும் இத்தகைய நெகிழ்ச்சிக்கு உட்பட்டதே. வரதய்யபாளையம் அருகிலுள்ள ஆன்மிகப் பயிற்சி வளாகம் ஒன்று ‘ஒருமைப் பல்கலைக்கழகம்’ என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரால் உலகெங்கும் அறியப்பட்டது. தியானப் பயிற்சிக்கென எழுந்த இடம் அது. கல்விப் பட்டம் வழங்கும் பல்கலைக்கழகம் அன்று. கேட்போர் அப்பெயரை உருவகமாகவே கொண்டனர். ஆனால் பட்டம் வழங்கும் உரிமை உருவகமன்று. 1956ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக மானியக்குழுச் சட்டத்தின் 22ஆம் பிரிவு அவ்வுரிமையைச் சட்டப்படி அமைந்த நிறுவனங்களுக்கே அளிக்கிறது. மீறினால் ஆயிரம் ரூபாய் வரை அபராதம் என்கிறது 24ஆம் பிரிவு. 2023 பிப்ரவரியில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்து அரங்கம் ஒன்றில் தனியார் அமைப்பொன்று திரைக்கலைஞர் உள்ளிட்ட பலருக்கு ‘கௌரவ டாக்டர்’ பட்டம் வழங்கியதும், பின்னர் அது போலியென வெளிப்பட்டதும் இங்கு நினைக்கத்தக்கன. பெற்றவர்களே ஏமாந்தனர். உண்மையான பல்கலைக்கழகம் வழங்குவதும் காரணம் கூறாமலே வழங்கப்படும்போது, போலியை இனங்காணும் அளவுகோல் பொதுமக்களிடம் இல்லாமற் போகிறது.

9. எவர்க்கு வழங்கத்தகும்?

சவர மக்களிடம் ராமமூர்த்தி மொழி கற்றார். அவருக்குக் கற்பித்த சவரர் எவர்க்கும் பட்டம் இல்லை. இந்திய மொழியியலின் களப்பணி முழுவதும் இத்தகைய தகவலாளிகளின் அறிவைக் கொண்டே எழுந்தது. ஆய்வாளர் முனைவர் ஆகிறார். சொல்லித் தந்தவர் நன்றியுரையில் ஒரு வரியாக எஞ்சுகிறார். திருப்பதி மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில் வாழும் யானாதி மக்களின் பச்சிலை அறிவும் காட்டறிவும் பல ஆய்வேடுகளுக்குப் பொருளாகத்தக்கவை. தேர்வெழுத வாய்ப்பில்லாத அறிவுக்கு உரியதே மதிப்புறு பட்டம் எனின், அதற்கு முதல் உரிமை இவர்களுக்கே உண்டு. கிரிக்கெட் வீரர் ராகுல் திராவிட் 2017இல் பெங்களூர்ப் பல்கலைக்கழகம் அளிக்க முன்வந்த பட்டத்தை ஏற்க மறுத்து, விளையாட்டுத் துறையில் ஆய்வு செய்தே அதைப் பெற விரும்புவதாகத் தெரிவித்தார். முயன்றால் தேர்வு வழியாகப் பெறக்கூடியவர் காட்டிய நெறி அது. அவ்வழி அடைபட்டவர்க்கே மறுவழி திறந்திருக்க வேண்டும்.

10. முடிவுரை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து நான்கு முடிவுகள் பெறப்படுகின்றன. மதிப்புறு பட்டம் தேர்வால் அளக்க இயலாத அறிவுக்கும் தேர்வு மறுக்கப்பட்ட வாழ்வுக்கும் உரியது. பட்டம் வழங்கும் நிறுவனத்தின் மீது அதிகாரம் செலுத்தும் பதவியில் இருப்பவர்க்கு அப்பதவிக் காலத்தில் அதை வழங்குதல் நடுநிலைக்கு இழுக்கு. வழங்குவதாயினும் மறுப்பதாயினும் காரணம் எழுத்தில் வெளியிடப்பட வேண்டும். ஆய்வுப் பட்டத்தினின்று வேறுபட்ட தனிப்பெயர் அதற்கு வேண்டும். அப்பெயரை ஆக்கும் வளம் தமிழுக்கு உண்டு.

இவற்றுள் கடைசியானது எளிதில் செய்யத்தக்கது. சட்டத் திருத்தமோ நிதியோ அதற்கு வேண்டா. ஒரு பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழு ஒரு கூட்டத்தில் தீர்மானித்தால் போதும். சென்னைப் பல்கலைக்கழகம் 1932இல் சாமிநாதையருக்கு வழங்கியதும், பின்னாளில் ஆட்சியாளர்க்கு வழங்கியதும் ஒரே சொல்லால் குறிக்கப்படும் நிலை நீடிக்கும்வரை, முதலாவதன் பெருமை இரண்டாவதற்குப் போய்ச் சேரும். இரண்டாவதன் மீதான ஐயம் முதலாவதன் மேலும் படியும்.